ஓசூரில் 240 பேர் வேலை செய்யும் ஆலைக்கு எந்த பி.ஏ.எம். (அட்மின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும்) மென்பொருள் பொருந்தும்?

ஓசூர் வார்ப்பகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட் பகுதியில் உள்ள ஓர் அலுமினிய வார்ப்பு ஆலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 240 பேர் வேலை செய்கிறோம். அவர்களில் கணினியில் உள்நுழைபவர்கள் 95 பேர், கணினிப் பிரிவில் என்னையும் சேர்த்து மூவர். வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் செய்து அனுப்புவது எங்கள் தொழில்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தகவல் பாதுகாப்பு வினாப்பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஐரோப்பிய வாகன நிறுவனங்களுக்குப் பொருள் தருவோரிடம் கேட்கப்படும் டிசாக்ஸ் மதிப்பீட்டை ஒட்டி அது தயாரிக்கப்பட்டிருக்கிறது. அதில் மூன்று கேள்விகளுக்கு என்னால் நேர்மையாக விடை எழுத முடியவில்லை. சர்வர்களின் அட்மின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது? கடந்த மூன்று மாதங்களில் அதை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்தினார்? வேலையை விட்டுப் போனவரின் அனுமதி எத்தனை மணி நேரத்தில் நீக்கப்படுகிறது?

முதல் கேள்விக்கான உண்மையான விடை, என் மேசை இழுப்பறையில் இருக்கும் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். இரண்டாவது கேள்விக்கு விடை கிடையாது என்பதைச் சென்ற மாதமே உணர்ந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11.40 மணிக்கு, ஈ.ஆர்.பி. (கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள்) சர்வரில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொதுக் கணக்கில் யாரோ உள்நுழைந்திருப்பதைத் திங்கட்கிழமை காலை லாகில் (கணினியின் பதிவேட்டில்) பார்த்தேன். எங்கள் மூவரில் யாரும் அந்த நேரத்தில் கணினியைத் தொடவில்லை. மென்பொருளைப் பராமரிக்கும் வெளி நிறுவனத்தின் ஊழியர் ஒருவர்தான் அவர் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்கள் ஆயின. அவர் செய்தது தேவையான வேலைதான், கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கடவுச்சொல்லை அவருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. அதே வெளி நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்து விலகிப் போனவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இரண்டு நாள்களும் நான் சரியாகத் தூங்கவில்லை.

மூன்று விலைப்புள்ளிகள் வாங்கியிருக்கிறோம். ஒரே உள்நுழைவில் எல்லா மென்பொருள்களையும் திறக்கும் ஆக்டா போன்ற ஒற்றை உள்நுழைவுச் சேவையை வாங்கினால் போதும் என்கிறார் ஒருவர். சைபர்ஆர்க் என்ற மென்பொருள் இல்லாமல் தணிக்கையில் தேற முடியாது என்று இன்னொருவர் உறுதியாகச் சொல்கிறார். மூன்றாமவர் மேனேஜ்எஞ்சின் நிறுவனத்தின் பிஏஎம்360 மென்பொருளை எங்கள் சர்வரிலேயே நிறுவித் தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையே எங்களிடம் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் உரிமம் இருக்கிறது. அதிலேயே எல்லாம் வந்துவிடாதா என்று நிதிப் பிரிவு கேட்கிறது. இந்த நான்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா, வெவ்வேறு வேலைகளா என்பதே எனக்குத் தெளிவாகவில்லை. நம் பகுதியில் இதை நடைமுறைப்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்

வணக்கம் ஐயா. எங்களுடையது மாங்கூழ் ஆலை. உங்கள் தொழிலும் எங்கள் தொழிலும் வேறு என்றாலும் சிக்கல் ஒன்றுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எந்த மென்பொருளையும் பார்ப்பதற்கு முன், உங்களிடம் எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எங்களிடம் நிரந்தரப் பணியாளர்கள் 130 பேர். பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில் எடைமேடையிலும் தரச் சோதனையிலும் கிடங்கிலும் தற்காலிகமாக ஆட்களைச் சேர்ப்போம். லாரிகள் சாலை வரை வரிசையில் நிற்கும்போது கணக்கு உருவாக்கிக் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. சீசன் முடிந்து ஆட்கள் ஊருக்குப் போனபின் அந்தக் கணக்குகளை மூடுவதற்குத்தான் யாருக்கும் நினைவு வராது. நாங்கள் உட்கார்ந்து எண்ணியபோது 400க்கும் மேற்பட்ட கணக்குகள் உயிரோடு இருந்தன. மூன்று சீசனுக்கு முன் எடைமேடையில் வேலை பார்த்த ஒருவரின் கணக்கு, கொள்முதல் விலையைத் திருத்தும் அனுமதியோடு அப்படியே இருந்தது.

இது சின்ன விஷயமன்று. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தைத் தாக்கியவர்கள் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு வி.பி.என். (வெளியிலிருந்து நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கு. அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. குழாய் பல நாள்கள் மூடப்பட்டது. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 லட்சம் டாலர், பிணைத்தொகையாகக் கொடுக்கப்பட்டது. எங்கள் முதலாளியிடம் அந்தக் கதையையும் எடைமேடைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் நிதி ஒதுக்கப்பட்டது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பிஏஎம்360. சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள முடிந்ததும், உரிமக் கட்டணம் அட்மின்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைந்ததும் எங்கள் அளவுக்குப் பொருந்தின. ஆனால் நான் சொல்ல வந்தது மென்பொருளைப் பற்றியன்று, அதை நாங்கள் அமைத்த முறையில் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி.

கூழைக் கிருமி படாமல் நிரப்பும் அசெப்டிக் இயந்திரத்தில் கோளாறு வந்தால், வெளிநாட்டில் இருக்கும் அதன் தயாரிப்பாளரின் பொறியாளர் தொலைவிலிருந்தே உள்நுழைந்து சரிசெய்வார். முன்பு அவருக்கு எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு வழி இருந்தது. பி.ஏ.எம். வந்தபின், அவர் கேட்க வேண்டும், நான் கைப்பேசியில் ஒப்புதல் தர வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வழி திறக்கும், கடவுச்சொல் அவர் கண்ணில் படாது என்று ஒழுங்கு செய்தோம். தாளில் அழகாக இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை 2 மணிக்கு அந்த நிரப்பும் இயந்திரம் நின்றுவிட்டது. பொறியாளர் ஒப்புதல் கேட்டுக் காத்திருக்கிறார். என் கைப்பேசி சார்ஜ் இல்லாமல் அணைந்திருக்கிறது. ஒரு பீப்பாய்க்கு 215 கிலோ வீதம் பை பையாகப் போக வேண்டிய கூழ் தொட்டியில் நிற்கிறது, முற்றத்தில் பழ லாரிகள் நிற்கின்றன. ஷிப்ட் மேற்பார்வையாளர் இரு சக்கர வாகனத்தில் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆலை நின்றது.

மறுநாளே, இந்த மென்பொருளைத் தூக்கிப் போடுங்கள் என்று உற்பத்திப் பிரிவு சொன்னது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டும், வேலையில் இருக்கும் ஷிப்ட் மேற்பார்வையாளரே ஒப்புதல் தரலாம் என்று மாற்றினோம். இயந்திரம் நின்றிருக்கிறதா, ஓடுகிறதா என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான். தேவையில்லாத நேரத்தில் யாராவது உள்நுழையக் கேட்டால் முதலில் சந்தேகப்படுபவரும் அவர்தான். எனவே, விலைப்புள்ளி தருபவரிடம் ஒப்புதலை யார் யாருக்குப் பகிர்ந்தளிக்க முடியும், ஒருவர் பதில் தராவிட்டால் எத்தனை நிமிடத்தில் அடுத்தவருக்குப் போகும் என்பதைக் கேளுங்கள். வண்ண வண்ணமான டேஷ்போர்டைவிட இதுதான் உங்களுக்குத் தேவைப்படும்.

தருமபுரி தணிக்கை

மேலே எழுதிய நண்பரின் அனுபவம் மிகவும் மதிப்புள்ளது. நான் தொழிற்சாலைகளில் தகவல் பாதுகாப்புத் தணிக்கை செய்பவன். எந்த மென்பொருளையும் விற்பதில்லை.

முதலில் உங்கள் அடிப்படைக் கேள்வி. நீங்கள் குறிப்பிட்ட நான்கும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஆலை வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வருகிறோமே, அது அடையாளப் பாதுகாப்பு. வந்தவர் உண்மையிலேயே அவர்தானா, அவர் எந்தெந்தப் பிரிவுக்குப் போகலாம், வேலையை விட்டால் அட்டை செல்லாமல் போகிறதா என்பதை அது கவனிக்கிறது. ஆக்டாவும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவும் இந்த வேலைக்கானவை. பி.ஏ.எம். என்பது மின்வாரியத்தில் எல்.சி. (லைன் கிளியர் என்ற வேலை அனுமதி) வாங்குவதைப் போன்றது. எத்தனை ஆண்டு அனுபவம் உள்ள லைன்மேனாக இருந்தாலும் எல்.சி. வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது. எந்த லைன், எத்தனை மணி வரை, யார் பொறுப்பு என்பதெல்லாம் பதிவாகும். வேலை முடிந்ததும் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சர்வரின் அட்மின் அனுமதியையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். உங்கள் மூன்று கேள்விகளில் மூன்றாவது அடையாளப் பாதுகாப்பைச் சேர்ந்தது, முதல் இரண்டும் பி.ஏ.எம். வகையைச் சேர்ந்தவை. அதனால் ஆக்டாவை மட்டும் வாங்கினால் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு விடை கிடைக்காது.

நிதிப் பிரிவின் கேள்வியும் தவறன்று. பிசினஸ் பிரீமியம் உரிமத்தில் என்ட்ரா ஐடி பி1 அடங்கியிருக்கிறது. 2023 வரை அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி என்று அழைக்கப்பட்டதுதான் அது. இரண்டடுக்குச் சரிபார்ப்பும், எந்த இடத்திலிருந்து எந்தக் கணினியில் உள்நுழையலாம் என்ற நிபந்தனைகளும் அதிலேயே வைக்க முடியும். ஆகவே ஆக்டாவுக்குத் தனியாகப் பணம் கொடுப்பதற்கு உங்கள் ஆலையில் எனக்குக் காரணம் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் அல்லாத மென்பொருள்கள் நூற்றுக்கணக்கில் உள்ள நிறுவனத்துக்கு என் கருத்து வேறாக இருக்கும். அட்மின் பொறுப்பைத் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் தரும் வசதி பி2 உரிமத்தில்தான் வருகிறது. அதை உங்கள் மூவருக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வசதி மைக்ரோசாஃப்ட் கிளவுடில் உள்ள பொறுப்புகளைத்தான் ஆளும். உங்கள் ஆலைக்குள் இருக்கும் ஈ.ஆர்.பி. சர்வரின் உள்ளூர் அட்மின் கடவுச்சொல்லையோ, நெட்வொர்க் சுவிட்சின் கடவுச்சொல்லையோ அது தொடாது. பலரும் ஏமாறும் இடம் இது.

விண்டோஸ் கணினிகளின் உள்ளூர் அட்மின் கடவுச்சொற்களுக்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் லேப்ஸ் என்ற வசதி 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10, 11, சர்வர் 2019, 2022 ஆகியவற்றிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லைத் தானே வைத்து, குறித்த நாளில் தானே மாற்றும். ஒரு கணினியில் திருடப்பட்ட கடவுச்சொல் அடுத்த கணினியைத் திறக்காது. ஆண்டுக்கணக்கில் ஒரே கடவுச்சொல் எல்லாக் கணினிகளுக்கும் இருக்கும் ஆலைகளை நான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு முடிப்பதற்கு முன்பே இதை நீங்கள் செய்துவிடலாம்.

இனி பி.ஏ.எம். மென்பொருள்களுக்கு வருகிறேன். சைபர்ஆர்க் 1999இல் இஸ்ரேலில் தொடங்கிய நிறுவனம். இத்துறையில் நீண்ட அனுபவமும் ஆழமும் உள்ளது அது. வங்கிகளும் பெரிய குழுமங்களும் அதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதை இயக்கத் தனியாக ஆள் வேண்டும். மூவர் மட்டும் உள்ள பிரிவில், பாதி நிறுவியபடியே அது நின்றுபோகும் வாய்ப்பு அதிகம். பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனம் அதை ஏறத்தாழ 2,500 கோடி டாலருக்கு வாங்குவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. எனவே மூன்றாண்டு ஒப்பந்தம் போடுபவர்கள், புதுப்பிக்கும்போது விலையும் உரிமமுறையும் எப்படி இருக்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. அது இல்லாமல் தணிக்கையில் தேற முடியாது என்று உங்களிடம் சொன்னது சரியன்று. தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 தரத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் சிறப்பு அனுமதிகளுக்கென்றே 8.2 என்ற கட்டுப்பாடு இருக்கிறது; அனுமதி வரம்புக்குள் இருக்கிறதா, மேலாண்மை செய்யப்படுகிறதா என்றுதான் அது பார்க்கிறதே தவிர, எந்த மென்பொருளின் பெயரையும் கேட்பதில்லை.

இன்றைய பியாண்ட்டிரஸ்ட், பாம்கார் என்ற தொலைநிலை உதவி நிறுவனம் 2018இல் பழைய பியாண்ட்டிரஸ்ட்டை வாங்கி அதன் பெயரையே எடுத்துக்கொண்டதால் உருவானது. வெளி நிறுவனப் பொறியாளர்களை வி.பி.என். இல்லாமல் கட்டுப்பாட்டோடு உள்ளே விடும் வேலையில் அது வலுவாக இருப்பதற்கு அந்தப் பின்னணியே காரணம். டெலினியா, 2021இல் தைகாட்டிக், சென்ட்ரிஃபை என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது. அதன் சீக்ரெட் சர்வர் நடுத்தர நிறுவனங்கள் சிரமமின்றிக் கையாளக் கூடியது. நம் நாட்டில் சோஹோவின் மேனேஜ்எஞ்சினைத் தவிர மும்பையைச் சேர்ந்த ஆர்கான், செக்டோனா ஆகியவையும் உண்டு. உங்கள் அளவுக்கு டெலினியாவையும் இந்திய நிறுவனங்களையும் ஒப்பிட்டாலே போதும் என்பது என் கருத்து.

ஒப்பிடும்போது விற்பனையாளரின் டெமோ சர்வரில் பார்க்காதீர்கள். உங்கள் ஆலையிலேயே மிகப் பழைய கணினி எதுவோ, அநேகமாக டை காஸ்டிங் இயந்திரத்தோடு வந்த விண்டோஸ் 7 பெட்டியாக இருக்கும், அதன் முன் உட்காரவைத்து இதற்குள் போகும் வழியைப் பதிவு செய்து காட்டுங்கள் என்று சொல்லுங்கள். அடுத்து, ஈ.ஆர்.பி. டேட்டாபேஸ் பேக்கப் ஓடும் சர்வீஸ் அக்கவுண்டின் (மனிதர் அல்லாமல் மென்பொருளே உள்நுழையும் கணக்கின்) கடவுச்சொல்லை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல் மாறியதும் அதை நம்பி ஓடும் வேலைகள் எல்லாம் தாமாகவே புதியதை எடுத்துக்கொள்கின்றனவா, அன்றிரவு பேக்கப் நின்றுபோகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

அமர்வுப் பதிவைப் பற்றியும் ஒரு சொல். திரையில் நடந்ததையெல்லாம் வீடியோவாகச் சேமிப்பது பார்ப்பதற்கு மிகவும் கவர்ச்சியானது. ஆனால் யாரும் திருப்பிப் பார்க்காத பதிவு ஹார்ட் டிஸ்கை நிரப்புவதற்கு மட்டுமே பயன்படும். வெளியாட்களின் அமர்வுகளை முழுமையாகப் பதியுங்கள், வாரத்துக்கு இரண்டையாவது எடுத்துப் பாருங்கள்; மற்றவற்றுக்கு எழுத்து லாகே போதும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி லாகுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி உண்மையான தாக்குதலாக இருந்திருந்தால், யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்கள் எடுத்துக்கொண்ட நிலையில் அந்த 6 மணி நேரத்தில் எதை எழுதி அனுப்பியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பர்கூர் லினக்ஸ்

தணிக்கை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பி.ஏ.எம். என்பது கடவுச்சொற்களை வைக்கும் பெட்டகம்; அது எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதன் சாவியை வெளியே எழுதி வைத்தால் பயனில்லை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், ஓர் ஒப்பந்த ஊழியரின் கைப்பேசிக்கு ஒப்புதல் கோரிக்கைகளை மீண்டும் மீண்டும் அனுப்பி, அவர் சலித்துப்போய் அனுமதித்ததால் உள்ளே போனார். உள்ளே பொதுப் பகிர்வில் கிடந்த பவர்ஷெல் ஸ்கிரிப்டில் (விண்டோஸ் கட்டளைகள் எழுதிய கோப்பில்), அந்த நிறுவனத்தின் பி.ஏ.எம். மென்பொருளுக்கான அட்மின் கடவுச்சொல்லே எழுதப்பட்டிருந்தது என்று அவர் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன.

எனவே உங்கள் சர்வர்களில் உள்ள ஸ்கிரிப்டுகள், ஷெட்யூல்டு டாஸ்குகள், எக்ஸெல் கோப்புகள் ஆகியவற்றில் கடவுச்சொல் என்று பொருள்படும் சொற்களைத் தேடிப் பாருங்கள். ஓர் அரை நாள் வேலைதான், ஆனால் கிடைப்பது திடுக்கிட வைக்கும். விண்டோஸ் சர்வீஸ் அக்கவுண்டுகளில் முடிந்தவற்றை ஜி.எம்.எஸ்.ஏ. வகைக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் இருக்கும் வசதி அது. கடவுச்சொல்லை டொமைனே (ஆலையின் கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக ஆளும் அமைப்பு) இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும், மனிதர் யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

திறமூல மென்பொருளை யாராவது பரிந்துரைப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கீகிளோக் ஒற்றை உள்நுழைவுக்கு மிகச் சிறந்தது, நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஹாஷிகார்ப் வால்ட் 2023இல் திறமூல உரிமத்தை மாற்றிக்கொண்டதால் ஓப்பன்பாவ் என்ற கிளை உருவானது. புரோகிராம்களுக்கான ரகசியங்களை வைக்க அதுவும் நல்லது. ஆனால் லினக்ஸில் ஊறிய ஒருவராவது உங்கள் மூவரில் இல்லையென்றால் இவற்றைத் தொட வேண்டாம். உரிமத்தில் மிச்சமாகும் பணம் இரவு விழிப்பில் போய்விடும்.

ஓசூர் வார்ப்பகம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காவேரிப்பட்டணம் நண்பர் சொன்னபடி நான்கு நாள்கள் உட்கார்ந்து எண்ணினோம். 95 பேருக்கு 268 கணக்குகள். அட்மின் அனுமதி உள்ளவை 41. அவற்றில் 17 யாருடையவை என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. தொலைவிலிருந்து உள்ளே வரும் வெளி நிறுவனங்கள் ஆறு. பர்கூர் நண்பர் சொன்ன தேடலில் ஐந்து இடங்களில் கடவுச்சொல் எழுத்திலேயே கிடைத்தது. ஒரு டை காஸ்டிங் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, உள்கதவில் செல்லோடேப்பால் ஒட்டிய சீட்டில் கடவுச்சொல்லோடு, அதைக் கொடுத்த பொறியாளரின் கைப்பேசி எண்ணும் இருந்தது. எண்ணெய்க் கறையில் பாதி மறைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

ஆக்டா விலைப்புள்ளியை விட்டுவிட்டோம். பிஏஎம்360, சீக்ரெட் சர்வர் இரண்டையும் எங்கள் ஆலையிலேயே முப்பது நாள்கள் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். ஆறு வெளி நிறுவனங்களை மட்டும் முதலில் அதன் வழியாகக் கொண்டுவருவது, உள்ளூர் அட்மின்களைப் பிறகு பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒரு கவலை மட்டும் தீரவில்லை. எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பெட்டகத்தில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டகமே திறக்காமல் போனாலோ, அதையே யாராவது உடைத்தாலோ என்ன செய்வது? இழுப்பறை நோட்டுக்காவது பூட்டு உண்டு, மின்சாரம் இல்லாவிட்டாலும் படிக்கலாம்.

தருமபுரி தணிக்கை

சரியான கவலை. பெட்டகத்தையே குறிவைப்பது நடக்காத ஒன்றன்று. 2022இல் பிஏஎம்360, அதே நிறுவனத்தின் பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோ ஆகியவற்றில் கடுமையான ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மேனேஜ்எஞ்சின் அதை அடைக்கும் பேட்சை வெளியிட்டிருந்தும், அதைப் போடாதவர்கள் தாக்கப்பட்டனர். தாக்குதலில் உண்மையாகவே பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு அந்த ஆண்டு செப்டம்பரில் அதைச் சேர்த்தது. கிளவுடில் வைத்தால் தப்பிக்கலாம் என்பதற்கும் இல்லை. 2024 டிசம்பரில் பியாண்ட்டிரஸ்ட்டின் தொலைநிலை உதவிச் சேவைக்கான ஏ.பி.ஐ. சாவி (மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணையப் பயன்படும் ரகசியக் குறியீடு) ஒன்று திருடப்பட்டு, அதன் வழியாக அமெரிக்க நிதித்துறையின் கணினிகளுக்குள் நுழைந்தார்கள். 2023 அக்டோபரில் ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள்ளும் திருடர்கள் புகுந்தது வெளிவந்தது. எனவே இவர்களில் யாரையும் ஓட்டையே இல்லாதவர் என்று நம்பி வாங்க முடியாது. சொந்த சர்வரில் வைத்தால், பேட்ச் வந்த அன்றே போடுவதற்கு உங்கள் மூவரில் ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். அதன் உள்நுழைவுப் பக்கம் இணையத்திலிருந்து நேரடியாகத் தெரியக் கூடாது. அந்த சர்வரை உங்கள் டொமைனில் சேர்க்காமல் தனியாக வைப்பது இன்னும் நல்லது. டொமைன் விழுந்தாலும் பெட்டகம் விழாது.

பெட்டகம் திறக்காத நாளுக்கு, அவசரக் கணக்குகள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ட்ராவுக்கும் மைக்ரோசாஃப்ட் இதையேதான் பரிந்துரைக்கிறது. இப்போது அந்தக் கணக்குகளுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கேட்கப்படுவதால், யாருடைய கைப்பேசியையும் நம்பாமல் ஃபிடோ2 சாவிகளை (உள்நுழைபவரை உறுதிசெய்யும் சிறு கருவிகளை) வாங்கி இணைத்துவிடுங்கள். ஒரு சாவி ஆலை மேலாளரின் இரும்புப் பெட்டியிலும், மற்றொன்று வேறொரு கட்டடத்திலும் இருக்கட்டும். ஈ.ஆர்.பி. சர்வருக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளுக்கும் உரிய அவசரக் கடவுச்சொற்களை நீளமாக வைத்துத் தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு அரக்கு வைத்து, உறையின் மேல் இருவர் கையெழுத்திட்டு அதே பெட்டியில் வையுங்கள். அந்தக் கணக்குகளில் யார் உள்நுழைந்தாலும் உங்கள் மூவருக்கும் மேலாளருக்கும் உடனே செய்தி வர வேண்டும். உறை உடைக்கப்பட்டால் கடவுச்சொல்லை மாற்றிப் புது உறை வையுங்கள்.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்

ஐயா சொன்னதை நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை பார்க்கிறோம். பி.ஏ.எம். சர்வரின் இணைப்பை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, உறையைப் பிரித்து ஈ.ஆர்.பி. சர்வருக்குள் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்போம். முதல் ஒத்திகையில் இரும்புப் பெட்டியின் சாவி வைத்திருந்தவர் சேலத்தில் ஒரு திருமணத்தில் இருந்தார். இப்போது பெட்டிச் சாவி இருவரிடம் இருக்கிறது.

ஓசூர் வார்ப்பகம்

அப்படியே செய்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆலையில் பராமரிப்பு நிறுத்தம் இருக்கிறது; அன்றே முதல் ஒத்திகையை வைத்துக்கொள்கிறோம். யாருடையவை என்று தெரியாத 17 கணக்குகளில், உடனே நீக்கினால் ஏதாவது நின்றுவிடுமோ என்ற அச்சம் இருப்பதால், முதலில் அவற்றை முடக்கி மட்டும் வைத்து இரண்டு வாரம் பார்த்துவிட்டு நீக்க எண்ணியிருக்கிறேன். முப்பது நாள் சோதனை முடிந்ததும் இரண்டு மென்பொருள்களிலும் விண்டோஸ் 7 பெட்டியும் பேக்கப் கணக்கும் எப்படி நடந்துகொண்டன என்பதை இங்கேயே எழுதுகிறேன்.